ஸ்டாண்டர்டு 2000: சித்தப்பா வாங்க நினைத்த கார்

1985-ஆம் வருஷம். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் நிலை நிலையாக உயர்ந்துகொண்டிருந்த சமயம். காவிரிப் பாலத்தில் போகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "எத்தனை நிலை ஆச்சு?" என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த வருஷம்தான் என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்டார் வீதி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால் மனுஷர் கார் ஷெட்டுக்குள் இன்ச் டேப்போடு நின்றுகொண்டிருக்கிறார்.

"இந்தா, அந்த முனையப் பிடி. பதினஞ்சரை அடி வருதான்னு பாரு."

பதினைந்தரை அடி வரவில்லை. பதினான்கு அடிதான் இருந்தது. உள்ளே நின்ற அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பதின்மூன்று அடி இருந்தால் போதும். "பின்னாடி சுவத்த இடிச்சுடலாம்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் துவைக்கிற கல். அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். ஸ்டாண்டர்டு 2000.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கார் நினைவிருக்கும். மூக்கு தாழ்ந்து, முதுகு சரிந்து, பின் கதவு கூரையோடு மேலே தூக்கித் திறக்கும். அம்பாசடரையும் பியட்டையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது ஏதோ பந்தயக் கார் மாதிரிதான் தெரிந்தது. விலை இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவர் கையில் கொடுத்தபோது அதன் விலை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. சித்தப்பா வாங்க நினைத்த ஒரு காருக்கு நாலு மாருதி வாங்கலாம்.

சித்தப்பா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தார். நான் வங்கியில் வேலை பார்த்ததால் குடும்பத்தில் யார் எதை வாங்குவதானாலும், விற்பதானாலும் கணக்குப் பார்க்கிற வேலை என் தலையில்தான் விழும். திருவானைக்கோவில் பக்கம் ஒரு மனையை விற்ற பணம் அவர் கையில் இருந்தது. மூத்த பெண் கல்யாணம் முடிந்துவிட்டது. இளையவள் கல்லூரியில் இருந்தாள். "எனக்கும் அம்பத்தேழு ஆச்சு. இப்ப ஓட்டாம எப்ப ஓட்டறது?" என்றார். இந்தக் கேள்விக்கு வங்கி லெட்ஜரில் பதில் கிடையாது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆசைப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். இதைப் புரிந்துகொள்ள அந்தக் கம்பெனியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஸ்டாண்டர்டு நம்ம ஊர்க் கம்பெனி. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட் என்றால் சென்னைக்கு ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று முழுப் பெயர். சுதந்திரம் வந்த கையோடு, நாற்பதுகளின் கடைசியில், இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு ஆரம்பித்தார்கள். வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் தொழிற்சாலை. திருச்சியிலிருந்து பஸ்ஸில் சென்னை போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, 1961-இலிருந்து ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று ஓடியதுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கிய கார். குறுகிய தெருவில் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு அதைவிடத் தோதான வண்டி அப்போது கிடையாது.

முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின் சீட்டில் உட்கார வேண்டுமானால் முன் சீட்டைச் சாய்த்துக் குனிந்து போக வேண்டும். பட்டுப்புடவை கட்டிய நம்ம வீட்டுப் பெண்களுக்கு அது சரிப்படுமா? 1968-இல் நாலு கதவு வைத்து மார்க் 3 என்று கொண்டுவந்தார்கள். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு, இங்கிலாந்தில்கூடக் கிடையாது. அந்த முதல் வருஷத்திலேயே சித்தப்பா ஒன்று வாங்கினார். அப்போதும் வீட்டில் பெரியவர்கள் தடுத்தார்களாம். "புதுசா கதவு வச்சிருக்கான், ஆடி விழுந்துடும், ரெண்டு வருஷம் போகட்டும்" என்று. அவர் கேட்கவில்லை. பதினேழு வருஷம் அந்த வண்டி குடும்பத்தையே சுமந்தது. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான்.

ஆகவே சித்தப்பா பக்கம் ஒரு நியாயம் இருந்தது. "மாத்தி அமைச்ச வண்டிய முதல் வருஷத்துல வாங்காதேன்னு அன்னைக்கும் சொன்னீங்க. நான் கெட்டாப் போனேன்?" என்றார்.

நான் நேரடியாக மறுத்துப் பேசாமல், "பாய் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுவோம் சித்தப்பா" என்றேன். பாலக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய் பல வருஷமாக அந்த ஹெரால்டைப் பார்த்து வந்தவர். சித்தப்பா யார் பேச்சைத் தட்டினாலும் பாய் பேச்சைத் தட்ட மாட்டார்.

பாய் விளம்பரத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எஞ்சின் விவரம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். 1991 சி.சி. "இது எங்கேயோ பாத்த நம்பரா இருக்கே முதலாளி" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் காரின் உடம்புக்கு ஒரு கதை, எஞ்சினுக்கு வேறொரு கதை.

உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் 1976-இல் வந்தது. வரைந்தவர் டேவிட் பேச். ஃபெராரி டேட்டோனா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து முன் பக்கத்தை அமைத்தார் என்பார்கள். பார்த்தாலே அது தெரியும். 3,528 சி.சி. எட்டு சிலிண்டர் எஞ்சின், சுமார் 155 குதிரைத்திறன். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருதும் வாங்கியது. அங்கே போலீஸ்காரர்கள் அதில்தான் நெடுஞ்சாலையில் துரத்தினார்கள். பந்தயங்களிலும் ஜெயித்தது. ஆனால் வாங்கியவர்கள் அனுபவம் வேறு. ஆரம்ப வருஷங்களில் வந்த வண்டிகளில் பெயின்ட் சரியில்லை, மின் இணைப்பு சரியில்லை என்று அங்கேயே நிறையப் புகார். போதாக்குறைக்குத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தங்கள். 1982-இல் திருத்தங்கள் செய்தார்கள். இப்படி விருது வாங்கிய காரையே முதல் வருஷத்தில் வாங்கியவர்கள் அவஸ்தைப்பட்டார்கள்.

அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் சென்னைக்கு வரவில்லை. இங்கே அந்த உடம்புக்குள் வைத்தது ஸ்டாண்டர்டு வேன்கார்டின் பழைய நாலு சிலிண்டர் எஞ்சின். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் வடிவமைத்தது. கெட்டியான எஞ்சின், அதில் சந்தேகமே இல்லை. சிலிண்டர் லைனரைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், முழு எஞ்சினையும் போரிங் போட வேண்டியதில்லை. அதனால் இதே எஞ்சின் குடும்பத்தைத்தான் சிறு மாற்றங்களோடு பெர்குசன் டிராக்டரிலும் வைத்தார்கள். வயல் உழுத எஞ்சின் என்று இதைக் கேலி செய்தவர்கள் அன்று உண்டு.

ஆனால் அது முழு நியாயம் இல்லை. இதே எஞ்சினை, சரியாக இதே 1991 சி.சி. அளவில், டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1953-இல் வைத்தார்கள். அந்த வருஷம் மே மாதம் பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற ஊர் நெடுஞ்சாலையில், அதற்கென்றே தயார் செய்த ஒரு டி.ஆர்.2 மணிக்கு 124 மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது. நம் கணக்கில் 200 கிலோமீட்டர். ஆக, அந்த எஞ்சின் டிராக்டரிலும் ஓடியது, ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. எதைச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தது.

டி.ஆர்.2 ஒரு டன்னுக்கும் குறைவான எடை. இரண்டு பேர் உட்காரலாம். ரோவர் உடம்போ ஒரு டன்னுக்கு மேல் இன்னும் முன்னூறு கிலோவாவது இருக்கும். அதில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும். எஞ்சின் சக்தி 83 குதிரைத்திறன், கியர் நாலு. இங்கிலாந்தில் 155 குதிரை இழுத்த வண்டியை இங்கே 83 குதிரை இழுக்க வேண்டும். நம் ரோட்டுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டியிருந்தார்கள்.

பாய்க்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தவை இவை. அவர் சொன்னது மூன்று விஷயங்கள்தான்.

"முதலாளி, நாலு கதவு ஹெரால்டு வந்தப்போ எஞ்சின் பழசு, கியர் பழசு, செய்யற ஆளுங்களும் தினம் அதையே செய்யறவங்க. கதவு மட்டும்தான் புதுசு. இது அப்படி இல்ல. இந்தக் கம்பெனி கார் செஞ்சே ஏழெட்டு வருஷம் ஆச்சு."

இது உண்மை. ஹெரால்டுக்குப் பிறகு கெசல் என்று ஒரு கார் 1972-இல் வந்தது. அது 1977-வாக்கில் நின்றுபோனது. அதன்பின் பெருங்களத்தூரில் வேன்தான் செய்தார்கள். கார் செய்வதும் சமையல் மாதிரிதான். கை விட்டுப்போனால் பக்குவம் திரும்ப நாளாகும்.

"ரெண்டாவது, சாமான். ஹெரால்டுக்கு ஏதாவது வேணும்னா மெட்ராஸ் ஜி.பி. ரோட்டுக்கு ஆள் அனுப்பினா மறுநாள் வந்துடும். இல்லாட்டி புதுப்பேட்டையில பழசு கிடைக்கும். இந்த வண்டிக்குக் கண்ணாடி உடைஞ்சா எங்க போறது? கம்பெனிய விட்டா வழி இல்ல. கம்பெனி நல்லா இருக்கற வரைக்கும்தான் வண்டியும் நல்லா இருக்கும்."

"மூணாவது, முதல் வருஷத்து வண்டி வாங்கறவங்க காசு கொடுத்து கம்பெனிக்கு டிரையல் பாத்துக் கொடுக்கறவங்க. உங்ககிட்ட வர்ற கோளாறப் பாத்துத்தான் அவன் அடுத்த வருஷத்து வண்டியச் சரி பண்ணுவான். சரி பண்ணின வண்டி வேற ஒருத்தர் வீட்டுல நிக்கும்."

சித்தப்பா டீயைக் குடித்து முடிக்கிற வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் ரெண்டு வருஷம் போகட்டும்னு இருந்தா ரெண்டாவது வருஷத்துக்குக் கம்பெனி இருக்குமா பாய்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு பாயிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இன்றைக்கும் என்னிடம் இல்லை.

என் பங்குக்கு நான் வங்கிக் கணக்கைப் போட்டேன். அப்போது ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட டெபாசிட்டுக்கு 11 சதவீத வட்டி. இரண்டு லட்சத்துக்கு வருஷம் 22 ஆயிரம். பெட்ரோல் கணக்கும் போட்டேன். திருச்சியிலிருந்து சென்னை 320 கிலோமீட்டர். இந்த எடையும் இந்த எஞ்சினும் லிட்டருக்கு எட்டு கொடுத்தால் பெரிது என்றார் பாய். அப்படியானால் போக மட்டும் 40 லிட்டர். மாருதிக்கு அதில் பாதி போதும். பழைய துண்டுச் சீட்டு ஒன்றில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "துவைக்கிற கல்லுக்கு எவ்வளவு போட்டிருக்க?" என்று கேட்டாள்.

ஆனால் சித்தப்பா உடனே விட்டுக்கொடுக்கவில்லை. சென்னையில் அவருக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் அந்த வண்டியை முதல் ஆட்களில் ஒருவராக வாங்கியிருந்தார். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிண்டியிலிருந்து தாம்பரம் வரை சித்தப்பா ஓட்டினார். நான் பின்னால். உள்ளே அவ்வளவு இடம். சத்தம் அதிகம் கேட்கவில்லை. ரோட்டில் போகிற சைக்கிள்காரர் எல்லாம் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். மீனம்பாக்கத்தைத் தாண்டியதும் சித்தப்பா ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். ஹெரால்டில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்துக்கு முப்பது வயதுதான்.

திரும்பி வரும்போது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில், விழுப்புரம் தாண்டிய பிறகு, "வேண்டாம்ப்பா" என்றார். அவ்வளவுதான். நான் ஏன் என்று கேட்கவில்லை. பணம் டெபாசிட்டில் போனது. ஹெரால்டுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். சுவரும் துவைக்கிற கல்லும் தப்பித்தன.

அந்த இரண்டு வருஷத்தில் வந்த மற்ற இரண்டு கார்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுமையாகும். 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து வாக்ஸாலின் எழுபதுகளின் உடம்பு, உள்ளே அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின். பெரிய உடம்பு, சின்ன எஞ்சின், ஸ்டாண்டர்டு 2000-க்கு இருந்த அதே சிக்கல். 1985-இல் ப்ரீமியர் 118 என்.இ. வந்தது. பியட் 124-இன் உடம்பு பழையது, ஆனால் எஞ்சின் ஜப்பானின் நிசான். பெயரில் உள்ள என்.இ. என்பதே அதைத்தான் சொல்கிறது. சில வருஷம் கழித்து கான்டெஸாவுக்கும் இசுஸுவின் 1.8 லிட்டர் ஜப்பானிய எஞ்சின் கிடைத்தது. அதன்பிறகுதான் அந்த வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் வருஷத்தில் கான்டெஸா வாங்கியவர்களும் கொஞ்சம் பொறுத்து வாங்கியவர்களும் ஓட்டியது ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு கார்களை.

ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. சில ஆயிரம் வண்டிகள்தான் செய்தார்கள். எரிபொருள் சிக்கனக் கணக்கில் அரசோடு தகராறு வந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. பெருங்களத்தூர் கேட் மூடியது. அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் கதியை நினைத்தால் கார் வாங்கியவர் நஷ்டம் ஒரு நஷ்டமே இல்லை. வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்து, 2006-இல் தொழிற்சாலை ஏலத்துக்குப் போனது. உள்ளே பயன்படுத்தாமல் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்தில் பழைய கார்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனது. அங்கே இன்னும் எஸ்.டி.1 வைத்திருப்பவர்கள் நம்ம பெருங்களத்தூர்க் கிடங்குச் சாமானைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே வாங்கியவர்கள் சாமான் இல்லாமல் வண்டியை நிறுத்தினார்கள்.

1987 மார்ச்சில் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. பதின்மூன்று நிலை, 236 அடி. பழைய கல்காரத்தின் மேல், நூற்றாண்டுகள் கழித்துக் கட்டி முடித்தார்கள். கூட்டத்தில் சித்தப்பா என் காதருகே, "அடி பழசு, மேல புதுசு. ஆனா இது நின்னுடுச்சு பாத்தியா" என்றார். எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அதே வருஷக் கடைசியில் மண்டிக்குப் பெரிய பாக்கி வைத்திருந்த ஒருவர் கையை விரித்துவிட்டார். அந்த டெபாசிட்டை உடைத்துத்தான் சித்தப்பா விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்தார். கார் வாங்கியிருந்தால் மண்டி இருந்திருக்காது. இளையவள் கல்யாணமும் தள்ளிப்போயிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொழிற்சாலை மூடிய செய்தி வந்த பிறகு ஒரு நாள், "நம்ம கணக்கு சரியாப் போச்சு சித்தப்பா" என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கணக்கு சரிதான்ப்பா. ஆனா நான் கிண்டியிலேருந்து தாம்பரம் வரைக்கும் ஓட்டிட்டேன்ல" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை.

அவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது என் பேரன் புது மாடல் வண்டி ஏதாவது வந்தால் முன்பதிவு தொடங்கிய அன்றே பணம் கட்ட வேண்டும் என்று நிற்கிறான். பாய் சொன்ன மூன்று விஷயங்களையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவை இன்றைக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். கூடவே, வாங்குகிறாயோ இல்லையோ, ஒரு நாள் போய் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு வா என்றும் சொன்னேன்.

உங்களில் யாராவது ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்தால், அல்லது பெருங்களத்தூரில் வேலை பார்த்திருந்தால், எழுதுங்கள். உங்கள் அனுபவத்தைக் கேட்க ஆசையாக இருக்கிறது.